கடைசியாகக் கை வைத்தவர்

ஒரு போல்ட்டை முக்கால்வாசி முடுக்கிவிட்டு ஸ்பேனரை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்.

"கடைசிச் சுத்து நீ போடு பாப்பா."

சொல்லிவிட்டு எழுந்து, இடுப்பில் செருகியிருக்கும் பனியன் வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொள்வார். நகக்கண்ணைக்கூட விடமாட்டார். துடைத்து முடித்ததும் அந்த வண்டிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் நகர்ந்து, வாசலில் போய் நின்று வெளியே பார்ப்பார்.

நாங்கள் அவரை ஹெட் என்றுதான் கூப்பிடுவோம். தேனியிலிருந்து போடி போகிற சாலையில், முன்பு பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த தகரக் கொட்டகையில், ஒரு பந்தயக் கார் ஷெட் இருந்தது. அங்கே அவர் தலைமை மெக்கானிக். நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் முடித்த கையோடு சேர்ந்த முதல் வேலை அது. இப்போது என் பையனின் பிளே ஸ்கூல் வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "தேனியில ஏதுங்க பந்தயக் காரு?"

இருந்தது. பஜாரில் உதிரி பாகக் கடை வைத்திருந்த எங்கள் முதலாளிக்கு அது ஒரு பைத்தியம். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, ஓட்டுபவர் சீட்டைத் தவிர மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டு, கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, மண் தடத்தில் நடக்கும் பந்தயங்களுக்கு அனுப்புவார். ஓட்டியவன் மார்க்கையன்கோட்டை பிரவீன். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பையன், என்னைவிடச் சின்னவன். வெல்டிங் வேலைக்கு ஓர் அண்ணன். பிறகு ஹெட், நான். ஷெட் என்பது அவ்வளவுதான்.

ஹெட்டுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு இருக்கிற எரிச்சலில் அப்படிச் சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் அது பொய்யாகிவிடும். கம்பத்திலும் குமுளியிலும் பல வருஷம் ஜீப் வேலை பார்த்தவர். மலையாளம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்தே "மதி, மதி" என்பார். போதும் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்காமலேயே சொல்வார். சரியாகத்தான் இருக்கும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே இஞ்சினைத் தாங்குகிற போல்ட்டின் கடைசிச் சுற்றை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா, "படிச்ச புள்ளைக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல" என்றாள். இரண்டு பேரும் அப்படித்தான் நம்பினோம்.

மறுநாள் வெல்டர் அண்ணனிடமும் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சந்தோசமா இருக்கியாத்தா?"

"ஏண்ணே?"

"இல்ல, இருந்துக்கோ. எனக்கும் மொத வாரம் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

விளக்கம் தானாக வந்தது. ஒருநாள் ஓட்டிப் பார்க்கும்போது ரேடியேட்டர் குழாய் பிடுங்கிக்கொண்டு, பிரவீன் ஆவியோடு வந்து நின்றான். ஹெட் பானட்டைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. சத்தமே போடவில்லை. அவர் குரல் இறங்கினால்தான் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"இதுல கடைசியா யாரு கை வச்சது?"

வெல்டர் அண்ணன், "நான்தான்" என்றார்.

ஹெட் தலையை மட்டும் ஆட்டினார். அன்று பொழுது சாயும்வரை வெல்டர் அண்ணனிடம் அவர் எதையும் கேட்டு வாங்கவில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்பேனரைக்கூட, "பாப்பா, அத எடு" என்று என்னிடம்தான் கேட்டார். அந்தக் குழாய் இற்றுப்போய் ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. புதுசு மாற்றலாம் என்று வெல்டர் அண்ணன் சொன்னதும், இன்னும் தாங்கும் என்று ஹெட்டே பழையதை மாட்டியதும் நான் பார்த்திருந்தேன். மாட்டிவிட்டு, கிளிப்பின் கடைசிச் சுற்றை வெல்டர் அண்ணனிடம் கொடுத்தார். அவ்வளவுதான் விஷயம். அந்த ஷெட்டில் ஒரு பொருள் பழையதா, தவறாக மாட்டியதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கடைசிக் கை யாருடையது என்பது மட்டும்தான் கேள்வி. அது ஹெட்டுடைய கையாக ஒருநாளும் இருக்காது.

தெரிந்துகொண்ட பிறகு, பார்க்கிற இடத்திலெல்லாம் அது கண்ணில் பட்டது. ஷெட்டைச் சாத்தும்போது இரண்டு கதவையும் அவரே இழுத்துச் சேர்ப்பார். சங்கிலியைக் கோப்பார். பூட்டை மாட்டுவார். அமுக்குவதற்கு மட்டும் எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார். டீக்கடையில் பன்னைப் பிய்த்துப் பாதியைத் தின்றுவிட்டு, பல்லில் ஏதோ இடறினால், "இத யாருப்பா எடுத்துக் குடுத்தது?" என்று கேட்பார்.

வெல்டர் அண்ணனுக்கு அவரைப் பற்றிப் பேசுவதில்தான் ஆறுதல்.

"தாலி கட்டுறப்பவும் மொத முடிச்சு இவரு போட்டுட்டு, மிச்சத்த அக்காகிட்ட குடுத்திருப்பாரு."

"எல்லா ஊர்லயும் நாத்தனார்தாண்ணே மிச்ச முடிச்சு போடுவாக."

"அதான் கல்யாணம்னா அவருக்குப் பிடிக்கும். எந்தக் கல்யாணத்தையும் விடமாட்டாரு."

நான் சிரித்தேன். சிரித்தாலும் அவர் ஸ்பேனரை நீட்டும்போது வாங்காமல் இருக்க முடியவில்லை. எப்படி மறுப்பது? மேலே இருப்பவர், வயதில் பெரியவர், கொடுப்பதும் ஒரு சின்ன வேலை. ஒருமுறை மட்டும், "நீங்களே முடிச்சிருங்களேண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். "இஞ்சினியரம்மாவுக்கு இது கொறச்சலா இருக்கோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

யாராவது ஷெட்டைப் பார்க்க வந்தால் என்னை முன்னால் நிறுத்துவார். "எங்க ஷெட்ல பிரேக்கு பூரா பொம்பளப் புள்ள பொறுப்புதேன்." வந்தவர்கள் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நிற்பேன். பிரேக்கை முழுக்கப் பார்ப்பது அவர்தான், முடிக்கிற சுற்று மட்டும்தான் என்னுடையது என்று விருந்தாளிகளிடம் சொல்லத் தோன்றாது. பாராட்டைத் திருத்த யாருக்கு மனம் வரும்? அந்தப் பேச்சை அவர் தேனி முழுவதும் சொல்லி வைத்திருந்தது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பந்தயம் வைகை அணைக்குப் போகிற வழியில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் நடந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். காலையிலேயே போய் வண்டியை இறக்கிவிட்டு பிரேக் வேலை ஆரம்பித்தோம். பிரேக் எண்ணெய் ஓடுகிற குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரைக்கும் போய்விடும், வண்டி நிற்காது. அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடவேண்டும். நான் மிதித்தேன். அவர் திறந்து மூடினார். நாலு சக்கரமும் முடிந்த பிறகு வழக்கம்போல் குரல் வந்தது.

"இறங்கு பாப்பா. வந்து ஒரு சுத்துப் போட்டுரு."

போட்டேன். நாலிலும் போட்டேன். துணியால் துடைத்து, கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். திரும்ப உள்ளே ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. பந்தய அதிகாரிகள் வந்து, உள்ளே தளர்வாக ஏதாவது பொருள் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள்.

வண்டி புறப்படும் கோட்டுக்குப் போன பிறகு ஹெட் ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தார். உள்ளே தேங்காய். குலசாமி கோயிலில் வைத்து எடுத்த சின்னக் காய். பக்கத்து சீட்டைப் பிடுங்கியிருந்த இடத்தில், வெறும் தகரத்தின்மேல், இரும்புக் குழாயை ஒட்டி வைத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணே, உருளும்."

"சாமி உருளாதுத்தா."

"குழாயோட சேத்து ஒரு கயித்துல கட்டிருவோமே."

"கயித்துல கட்ட அது என்ன ஆடா, மாடா?"

பிரவீன் தலைக்கவசத்தோடு குனிந்து முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொடி பிடித்திருந்தவர் ஆட்சேபம் சொல்வார் என்று பார்த்தேன். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஹெட் தானே கதவைச் சாத்தி, வழக்கத்துக்கு மாறாகத் தானே கொக்கியையும் போட்டார். எதிலும் கடைசிக் கை வைக்காத அந்த மனிதர் அந்த ஒரே ஒரு நாள், அந்த ஒரே ஒரு வேலையை முழுசாகத் தானே முடித்தார்.

மூன்றாவது வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகக் கண்மாய்க் கரையில் போய் மோதியது.

ஓடினோம். ஹெட் முதலில் போய்ச் சேர்ந்தார், அவருக்குப் பின்னால் நான். முன்சக்கரம் முறிந்து சாய்ந்திருந்தது. மோதிய வேகத்தில் அந்தப் பக்கத்துப் பிரேக் குழாய் அறுந்து எண்ணெய் வழிந்தது, இனிப் பெடலை மிதித்துச் சோதித்துப் பார்க்க வழியில்லை. பிரவீனின் வலது கால் பெடல்களுக்கு இடையே மடங்கிக் கிடந்தது. அவன், "மிதிச்சேண்ணே, இறங்கல. மிதிச்சேன், இறங்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் காலை எடுக்கக் குனிந்தபோது நான் பார்த்தேன். பிரேக் பெடலுக்கு அடியில் மஞ்சள் துணி. பெடலுக்கும் தகரத்துக்கும் நடுவே தேங்காய் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

ஹெட்டும் பார்த்தார். கையை விட்டு அதைத் திருகி இழுத்தார். ஏற்கனவே விரிசல் விட்டிருந்த காய் அவர் கையில் இரண்டாகப் பிளந்து தண்ணீர் கொட்டியது. மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது அவர்கள் பார்த்தது அவர் உயர்த்திப் பிடித்திருந்த இரண்டு மூடிகளைத்தான்.

"பாத்தீகளா? புள்ளையக் காவு கேட்டு வந்தத இது வாங்கிக்கிருச்சு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. யாரோ ஒருவர் அழுதார். எனக்குக்கூட ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

பிரவீனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு, முதலாளியும் பந்தயம் நடத்தியவர்களும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஹெட் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெடல் இறங்கல என்று பிரவீன் சொன்னதை அவர், "பிரேக் பிடிக்கலங்கான்" என்று மாற்றிச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"பிரேக்குல கடைசியா யாரு கை வச்சது?"

"நான்தாண்ணே."

சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுவேன். கேள்வியே பொய்யாக இருக்கலாம் என்று அப்புறம்தான் தோன்றும்.

மறுநாள் முதலாளியின் கடைக்குப் போனேன். என் திருகு தளர்ந்திருந்தால் பெடல் தரைவரை போயிருக்கும், பிரவீன் சொன்னது அதற்கு நேர்மாறு, பெடல் இறங்கவே இல்லை, அடியில் இருந்த தேங்காயை நானே பார்த்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி நல்ல மனிதர். எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"ஏம்மா, எனக்கு வெளங்காமலா? பெடலு ஏன் இறங்கும், ஏன் இறங்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்க சொல்லுங்க சார்."

"நான் வேதக்காரன்மா. எங்க தாத்தா காலத்துல இருந்து இந்த பஜார்ல கடை. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு, திங்கக்கெழம வந்து, ஒங்க குலசாமி தேங்காதான் பையனக் கவுத்துருச்சுன்னு நான் சொல்லலாமா? அடுத்த நாளு என் கடைப் படில யாரு ஏறுவாக?"

"சாமியச் சொல்லல சார். தேங்காயத்தான் சொல்றேன்."

"நீ தேங்காயச் சொல்ற. கேக்குறவக சாமியன்னுதானம்மா கேப்பாக." மேசைமேல் இருந்த பில் புத்தகத்தை மூடிவைத்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா."

கொஞ்ச நாள் முடியவே இல்லை. போடியிலும் பெரியகுளத்திலும் வேலை கேட்டுப் போனேன். "பிரேக் பாத்த பொண்ணுதான?" என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரேக்கு பூரா என் பொறுப்பு என்று அவர்தான் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாரே. பிரவீனை மருத்துவமனையில் போய்ப் பார்க்க நினைத்தேன். அவன் வீட்டு ஆட்கள் கோபத்தில் இருப்பார்கள், போகாதே என்று அப்பா தடுத்துவிட்டார். பிறகு எனக்குக் கல்யாணமானது. இப்போது ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிறேன். மாணவர்கள் முடுக்கியதை, அவர்கள் போன பிறகு நான் ஒருமுறை முடுக்குகிறேன்.

பெடல் இறங்காததற்குத் தளர்ந்த திருகு காரணமாக இருக்கவே முடியாது. இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனாலும் பையனைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கும்போது என் வலது கை தானாக மடங்கி, அந்த நாலாவது திருகை மறுபடி முடுக்கிப் பார்க்கும். போட்டேனா? போட்டேன். முழுசாகவா? கேஸ் குமிழைத் திருகிவிட்டு வந்து, திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். பையன் கட்டிலில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கினால் மாமியார் சாதாரணமாகத்தான் கேட்பார், "கடைசியா யாரு வச்சிருந்தா?" என்று. எந்த வீட்டிலும் கேட்கிற கேள்வி அது. எனக்கு மட்டும் அது அவருடைய குரலில் கேட்கும். மெதுவாக, இறங்கிய குரலில்.

போன வருஷம் அவரையே பார்த்தேன். பஜாரில், மாமியார் வளையல் பார்த்துக்கொண்டிருந்த கடை வாசலில். கொஞ்சம் நரைத்திருந்தார், மற்றபடி அப்படியே இருந்தார்.

"ஆத்தா! நல்லாருக்கியா? நம்ம புள்ளையா இது?" என்று பையனின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார். நான் பையனை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மாமியாரிடம் திரும்பினார்.

"நம்ம ஷெட்ல இருந்த புள்ளதாம்மா. நல்ல வேலக்காரப் புள்ள. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. மனுசப் பொறப்புன்னா யாருக்குத்தான் வராது? நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

அவர் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார். வளையல் கடை வாசலில் வைத்து, என் மாமியார் முன்னால். நான் பையனின் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

ஆட்டோவில் வரும்போது மாமியார் சொன்னார், "எம்புட்டு நல்ல மனுசரா இருக்காக. நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்ன."

பலருக்கும் அவர் நல்ல மனிதர்தான். இதை எழுதும்போதும் அந்த நினைப்பு வந்து தடுக்கிறது. ஒருவேளை அவர் நிஜமாகவே நம்புகிறாரோ? தேங்காய் காப்பாற்றியது, நான் கவிழ்த்தேன் என்று. நம்பினால் அவரை வெறுப்பது நியாயமா? நிறைய யோசித்துவிட்டேன். அவர் முப்பது வருஷம் பிரேக் பார்த்தவர். பெடல் இறங்காதது எதனால் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. தன் கையாலேயே அந்தக் காயை அங்கிருந்து பிடுங்கியவர் அவர். அதனால் வெறுக்கிறேன்.

பையனுக்குச் சளி பிடித்து, போன மாதம் தேனியில் குழந்தை டாக்டரிடம் போனேன். உட்கார இடமில்லாத கூட்டம். கைப்பையைக் குழந்தைமேல் இடிக்காமல் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் எழுந்து, "அக்கா, இங்கன உக்காருங்க" என்றான். நடந்தபோது வலது காலை இழுத்தான். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். பிரவீன். பக்கத்தில் அவன் மனைவி. மடியில் பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தை. ஊசி போட வந்திருந்தார்கள்.

"இவுகதான் அந்த ஷெட்ல இருந்த இஞ்சினியர் அக்கா" என்று மனைவிக்கு அறிமுகப்படுத்தினான். குரலில் பகை இல்லை. குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். சளி, பால், தூக்கம். பிறகு நான் கேட்டேவிட்டேன்.

"பிரவீன், அன்னைக்கு பெடல் இறங்கலன்னுதான சொன்ன?"

"ஆமாக்கா. பாறைய மிதிச்ச மாதிரி நின்னுச்சு."

"அடில என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தேங்கா" என்றான், யோசிக்கக்கூடச் செய்யாமல்.

"ஒனக்குத் தெரியுமா?"

"கால்ல துணி பட்டுச்சுல்லக்கா. ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தப்ப யோசிச்சுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"ஹெட்டு இல்லாம வண்டி ஓடாதுக்கா. நீங்க இல்லாட்டியும் ஓடும்ல." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அவன் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தக் காயாலதான் இவுக உசுரு தப்புச்சுன்னு அத்தை அந்தத் துணிய இன்னும் சாமி ரூம்ல வச்சிருக்காக" என்றாள். பிரவீன் என்னிடம் பேச்சை மாற்றினான்.

"இப்ப வண்டி எங்க தோட்டத்துலயே நிக்கிது. முதலாளி விட்டுட்டாரு, நான் வாங்கிட்டேன். ஹெட்டுதான் பாக்குறாரு. வேற ஆளு கெடையாது, நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப கடைசிச் சுத்து?"

அவன் முகம் மலர்ந்தது. "எங்கிட்டதான் குடுப்பாரு. அம்புட்டு நம்பிக்கக்கா எம்மேல. நானே முடுக்கிட்டு நானே ஏறி உக்காந்துக்குவேன்."

நான் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தேன். இது அவர்கள் குடும்ப விஷயம். என்னைத் துரத்தியதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வருந்தாதவன் இவன். இவனுக்காக நான் ஏன் பேசவேண்டும்? பேசினால் பழைய பகையில் சொல்கிறேன் என்பார்கள். பையன் என் மடியில் இருமினான். தடவிக் கொடுத்தேன்.

"எதுக்குக்கா அதக் கேட்டீக?" என்றாள் அவன் மனைவி. "அதுல ஏதாவது இருக்கா?"

அவள் கை குழந்தையின் காலைப் பிடித்திருந்தது. நான் பிரவீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னேன். தேங்காய் எங்கே வைக்கப்பட்டது, யார் வைத்தது, நான் கயிறு கேட்டது, அது எங்கே போய் அடைத்தது, யார் பிடுங்கியது. அந்த ஷெட்டில் கடைசிச் சுற்றை வாங்கியவர்களுக்கு என்ன ஆனது. "நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆனா, ஒங்க வீட்டு வாசல்ல நின்னு, கடைசியா அவன் கைதாம்மா வச்சான்னு சொல்லுவாரு. ஒங்க அத்தை அதையும் நம்புவாக."

"அக்கா, அவரு அப்படி இல்லக்கா" என்றான் பிரவீன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க மாமனாருகிட்ட சொல்லணும்க்கா. அவுகளுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்ல எல்லாரும் ஹெட்டு, ஹெட்டுன்னுதான் சொல்லுவாக. அவரு பேரு என்ன?"

பெயரைச் சொன்னேன். அவர் ஊரையும் சேர்த்துச் சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேனியில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

"மெல்லப் பேசுங்கக்கா" என்றான் பிரவீன்.

கூட்டத்தின் இரைச்சலில் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று தோன்றியது. இன்னொரு முறை சொன்னேன்.